முகாம் வீடுகளும் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும்

சித்தப்பா: இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் புது வீடுகள் கட்ட நேற்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு கட்டுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் ஆற்றுத் தண்ணீரை நம் ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்துதான் முகாமுக்கும் பிரித்துவிடுவார்கள் என்றால், கோடையில் கடைசித் தெருவுக்கு ஒரு குடம்கூட வந்து சேராது. ஆடு வைத்திருப்பவர்களுக்கும் அந்த இடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அத்தை: தம்பி, என் வீடே கடைசித் தெருவில்தான் இருக்கிறது, அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் 1990-இல் அவர்கள் வந்து இறங்கியபோது நம் அம்மா புகையிலைக் கிடங்கைத் திறந்துவிட்டு, இரண்டு நாள் கம்பஞ்சோறு ஆக்கிப் போட்டதை நீயும்தான் பார்த்தாய். பத்தடிக்குப் பத்தடி அறையில் அன்று தவழ்ந்த குழந்தைகள் இன்று தம் குழந்தைகளையும் அதே அறையில்தான் வளர்க்கிறார்கள். நம் வீட்டு மஞ்சள் வெட்டுக்கும் பெயிண்ட் அடிக்கவும் நாம் அவர்களைத்தானே கூப்பிடுகிறோம்?

மருமகன்: அத்தை சொல்வது சரி. சித்தப்பா கேட்பதும் நியாயம்தான். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் பழுதடைந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவதோடு முகாம்களுக்குக் குடிநீர், கழிப்பறை, மின்வசதி செய்வதும் அடங்கும். ஆகவே முகாமுக்குத் தனித் தொட்டி கேட்பது அவர்களை எதிர்ப்பது ஆகாது.

சித்தப்பா: அப்படியானால் கிராம சபைக்கு வந்து அவர்களே கேட்கலாமே.

மருமகன்: முடியாது சித்தப்பா. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள். முப்பது ஆண்டு தாண்டியும் குடியுரிமை இல்லாததால் அவர்களுக்கு வாக்கும் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைத்தான் கணக்கில் எடுத்தது. ஓட்டு இல்லாத இடத்துக்கு யார் வந்து குழாய் அளப்பார்கள்? இரு பக்கத்துக்கும் சேர்த்து நாம்தான் பேச வேண்டும்.

அத்தை: அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுப்போம். முகாமுக்குத் தனித் தொட்டி, நம் தெருவுக்குப் புதுக் குழாய், ஆடு போகத் தடம், மூன்றையும் ஒரே மனுவில் எழுது கண்ணு.

சித்தப்பா: எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதற்கு முன் முகாம் தலைவரைக் கேட்காமல் அவர்கள் பெயரை அதில் சேர்க்கக் கூடாது. இன்று மாலை நானே போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.