ஏலத்தில் மெஷின் எடுத்தவர்கள் வாங்க, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்க

கணபதி பட்டறை, கோவை:
ஆரம்பிக்கிறவன் நான் என்பதால் நானே முதலில் கொட்டிவிடுகிறேன். ஆன்லைன் ஏலத்தில் எடுத்த டிரில், கிரைண்டர், கட்டர் எதுவானாலும் சரி. லாபம் வந்த கதை வேண்டாம், அது டீக்கடையிலேயே நிறையக் கிடைக்கிறது. இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்.

என்னுடையது மூடின ஃபேக்டரி ஒன்றின் லாட். 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் 14, ஒரு கட்-ஆஃப் மெஷின். போட்டோவில் எல்லாம் மேஜை மேல் வரிசையாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. மொத்தமும் வரி சேர்த்து 9,700க்கு விழுந்தது. புதுசு ஒன்றே இரண்டாயிரத்துக்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், அன்றைக்குப் பட்டறையில் அவசர வேலை, போகவில்லை. டாடா ஏஸ் பிடித்துக்கொண்டு சரக்கு எடுக்கத்தான் போனேன். சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். முதல் கிரைண்டரைத் தூக்கினதும் கை தானாக மேலே போய்விட்டது. நிறைகுடம் என்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்கினால் எப்படிப் போகும், அப்படி. பிளேடு மாட்டுகிற ஸ்பிண்டிலைச் சுற்றினால் லொடலொடவென்று ஆடுகிறது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரில் சுற்றுகிற ஆர்மேச்சர் இல்லை, அதைச் சுற்றி நிற்கிற ஃபீல்டு காயில் இல்லை. பதினாலும் அதே கதி. செம்புக்காக எவனோ உருவியிருக்கிறான், உருவினவன் அப்படியே போட்டுவிட்டுப் போகாமல் நாலு ஸ்க்ரூவையும் ஒழுங்காக முறுக்கி மூடியும் வைத்திருக்கிறான். அந்த ஸ்க்ரூதான் எனக்கு இன்னும் எரிகிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால், “லிஸ்டில் கிரைண்டர் 14 நம்பர்னு போட்டிருக்கு, எண்ணிக்கோங்க தம்பி” என்றார். எண்ணினேன். பதினாலு சரியாக இருந்தது.

தேம்ஸ்கரையான், லண்டன்:
இங்கே கட்டட வேலை நடக்கிற இடங்களில் மஞ்சள் டிரான்ஸ்ஃபோமர் வைத்து 110 வோல்ட்டில்தான் மெசின் ஓட்டுவார்கள், ஷோக் அடித்தாலும் ஆள் தப்ப வேண்டும் என்பதற்காக. வீடுகளில் 230. அதனால் மஞ்சள் பிளக் போட்ட மெசின் ஏலத்துக்கு வந்தால் வீட்டு ஆட்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், விலை விழுந்துவிடும். என்னிடம் டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறது. ஆகவே தேடினால் மஞ்சள் பிளக்கைத்தான் தேடுவேன், ஆறேழு வருசமாக.

போன மாரியில் கொங்கிறீட் உடைக்கிற பிரேக்கர் ஒன்று 62 பவுண்ஸுக்கு வந்தது. நல்ல சாமான். கைபிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, பிடித்தால் கை ஒட்டியது. உரித்து மாற்றுவோம் என்று கராஜில் இருந்து உரித்தேன். கீழே பிளாஸ்டிக்கில் சூடான இரும்பால் எழுதியிருக்கிறது, ஒரு பெயர், அதற்குக் கீழே 07 என்று தொடங்கும் கைபேசி எண். கடைசி இரண்டு இலக்கத்தை யாரோ உரசி அழித்திருக்கிறான். மிச்சத்தையும் அழிக்கத் தொடங்கி, பஞ்சி பிடித்து விட்டமாதிரி இருந்தது. கம்பனித் தகட்டைப் பார்த்தேன், வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் பசை மட்டும். இங்கே வான் வண்டியை உடைத்து ஆட்களின் சாமான்களைத் தூக்குவது தெரியாதவர் இல்லை, என் மச்சானுக்கே நடந்தது. அந்த எழுத்தை வடிவாகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகு டேப்பைத் திரும்பச் சுற்றிவிட்டேன்.

ஓசூர் பி-ஷிப்ட்:
கோவைத் தம்பி, கோபப்படாதீர்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்கிறீர்கள், விதியில் முதல் வரியே “உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்” என்றுதான் இருந்திருக்கும். பார்க்கத் தேதி கொடுத்தும் போகாதது யார்? பார்க்கிற அன்று ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்கின் இரண்டு பின்னிலும் வைத்து, சுவிட்சை அழுத்திக்கொண்டு கன்டினியூட்டி, அதாவது உள்ளே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், காயில் இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடும். காட்டவில்லை என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள், ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் காட்டாது, மூடியைத் திறந்து பிரஷ்ஷைப் பாருங்கள். காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள், கருகின வார்னிஷ் வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது. லாட்டைத் தேதியோடு போட்டோ எடுங்கள், நாலு பீஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கழற்றவிடமாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, ஏல விலையை மட்டும் பார்த்துக் குதிக்கிறார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏற்றுக்கூலி, வண்டி. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள் கணக்கில் தரைவாடகை. எச்-1, அதாவது உச்ச விலை கேட்டவராக வந்துவிட்டுப் பின்வாங்கினால் கட்டின இஎம்டி முன்பணம் போச்சு. லாட் எஸ்டிஏ என்று போட்டிருந்தால் ஜெயித்தும் உங்களுடையது இல்லை, விற்கிறவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் இந்தக் கடைசி நொடிப் புலிகள். வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான், அங்கே கடைசி மூன்று நொடியில் போட்டுத் தட்டலாம். நம்மூர் ஸ்கிராப் ஏலத்தில் கடைசி நிமிடங்களில் எவன் போட்டாலும் நேரம் நீளும். அவன் போட நீங்கள் போட, ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும். உச்ச விலையைத் தாளில் எழுதி மனைவி கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

என் கதையா? ஒரு மேக்னெட் டிரில்லுக்கு எச்-1 வந்து, எஸ்டிஏவில் மூன்று வாரம் தொங்கவிட்டு ரிஜெக்ட் செய்தார்கள். அவ்வளவுதான்.

கணபதி பட்டறை, கோவை:
சார், மல்டிமீட்டர் என்னிடமும் இருக்கிறது. போகாதது என் தப்பு, அதை நானே எழுதியிருக்கிறேன். உருவினது என் தப்பு இல்லையே.

திருச்சி டு எடிசன், அமெரிக்கா:
என்னுடையது ஏலத்தின் குற்றம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரு சர்க்குலர் ரம்பம், ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து விற்பது, 46 டாலருக்கு ஏலத்தில் தட்டினேன். 15 ஆம்பியர், 120 வோல்ட், நம்மூர் 230க்கு ஆகாதது. இரண்டு வருடம் கழித்துப் போகும்போது சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். “ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற வரைக்கும் தொடாதீங்கப்பா” என்று ஏர்போர்ட்டில் கூடச் சொன்னேன். அப்பா தொடவில்லை. பெரியப்பா மகன் தொட்டான்.

வீடியோ காலில் காட்டுகிறேன் என்று போன் செய்தான். அடாப்டர் மாட்டியாகிவிட்டது. நான் இங்கே “அண்ணா, அண்ணா, வேண்டாம்” என்கிறேன், சத்தம் அங்கே போய்ச் சேரவில்லை. சுவிட்சைப் போட்டதும் ரம்பம் ஒரு ஊளை ஊளையிட்டது பாருங்கள், அந்த மாதிரி ஸ்பீடை நான் இங்கே பார்த்ததே இல்லை. அவன் முகமெல்லாம் சிரிப்பு. “அமெரிக்கா சரக்குன்னா சும்மாவா!” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னான். அதோடு படம் உறைந்து நின்றுவிட்டது, நெட் போய்விட்டது. மறுபடி லைன் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் வீட்டில் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே புகை. அவன் சிரித்தபடி உறைந்த அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அவனிடம் காட்டவில்லை.

ஸ்கார்பரோ தச்சன்:
நான் இருப்பது கனடாவில். எனக்கு பாட்டரி. கடைகளுக்குத் திரும்பி வந்த சாமான்களை ஏலம் விடும் இடம் ஒன்று, 18 வோல்ட் டிரில், 5 ஆம்பியர்-அவர் பாட்டரி இரண்டோடு. 85 டொலருக்கு விழுந்தது, மனுசிக்குச் சொல்லிப் பெருமையடித்தேன். பில் வந்தது: வாங்குபவர் கட்டணம் 18 வீதம், அது சேர்த்து 100.30, அதன்மேல் எச்எஸ்டி விற்பனை வரி 13 வீதம், மொத்தம் 113.34. அது வாசிக்காத என் பிழை, விடுங்கள். பாட்டரி இரண்டில் ஒன்று கைக்கு லேசாக இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், ஒன்று 630 கிராம், மற்றது 410. திறந்தால் பத்து செல் இருக்கவேண்டிய கூட்டில் ஐந்துதான், மற்ற இடம் காலி. வெளி ஸ்டிக்கரில் 5.0 என்று அச்சு அசல் மாதிரி. மெசின் உண்மை, ஒரு பாட்டரி உண்மை, மற்றது யாரோ மாற்றிவைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தது. கடைக்காரரும் எடைபோடவில்லை, ஏலக்காரரும் போடவில்லை.

ஓசூர் பி-ஷிப்ட்:
எடிசன், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 15 ஆம்பியர் x 120 என்றால் 1,800 வாட், ஸ்டார்ட்டிங்கில் இன்னும் இழுக்கும், 3 கேவிஏவுக்கு, அதாவது சுமார் 3,000 வாட் தாங்குவதற்குக் குறைந்து டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். அதன் விலையும் எடையும் பார்த்தால் ரம்பத்தை இங்கேயே வாங்கியிருக்கலாம். பிரஷ் மோட்டாருக்கு அங்கத்து 60 ஹெர்ட்ஸா நம்மூர் 50ஆ என்பது பெரிய விஷயம் இல்லை. இண்டக்‌ஷன் மோட்டார் வைத்த மெஷினை மட்டும் கொண்டுவராதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, இந்த மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 1,725 ஆர்பிஎம் ஓட வேண்டியது 1,440இல் மந்தமாக ஓடிச் சூடாகும்.

லண்டன் நண்பருக்கு: டேப்பைத் திரும்பச் சுற்றியது எனக்குப் பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். இரண்டு இலக்கம் போனால் மிச்சம் 100 எண்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்தது.

தேம்ஸ்கரையான், லண்டன்:
100 என்று எனக்கும் தெரியும் அண்ணை. அன்றிரவே கணக்குப் போட்டேன். 00 தொடக்கம் 99 வரை. 00க்கு அடித்தேன், ஒரு மனுசி எடுத்தா, நித்திரைக் குரல். “உங்கள் வீட்டில் பிரேக்கர் ஏதும் களவு போனதா” என்று முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கேட்கிறது? கேட்டால் முதல் கேள்வி, உன்னிடம் எப்படி வந்தது என்பதல்லவா? பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சட்டமும் தேடிப் பார்த்தேன், நித்திரை வராதபோது. இங்கிலாந்தில் முந்தி ஒரு விதி இருந்ததாம், பகல் வெளிச்சத்தில் பகிரங்கச் சந்தையில் நம்பி வாங்கினால் களவுப் பொருளும் வாங்கினவனுக்கே சொந்தம். அதை 1995இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே காசு கொடுத்தது நான், மெசின் அந்த மனிசனுடையது. விற்றவனுக்கு எழுதினேன், கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டான். பிரேக்கர் கராஜில் இருக்கிறது, ஒருநாளும் பிளக்கில் போடவில்லை. விற்கவும் மனமில்லை. மிச்சம் 99 எண் ஃப்ரிட்ஜில் ஒட்டின தாளில் இருக்கிறது, போன கிழமை 01, 02 இரண்டும் அடித்தேன், இரண்டும் பாவனையில் இல்லை.

ஸ்கார்பரோ தச்சன்:
03 அடித்தால் இங்கே வந்து சொல்லுங்கோ.

கணபதி பட்டறை, கோவை:
எடிசன் சார், அந்த ரம்பத்தை அப்பா எறிந்துவிடப் போகிறார், கியர் பாக்ஸும் பேஸ் பிளேட்டும் நன்றாகத்தான் இருக்கும், எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் என்னிடம் கிரைண்டர் கூடு இன்னும் பதினொன்று இருக்கிறது, மூன்றுக்கு உயிர் கொடுத்தாச்சு. 4 இஞ்ச்சுக்கான ஆர்மேச்சர் மொத்தமாக எங்காவது வந்தால் சொல்லுங்கள். ஏலம் என்றாலும் பரவாயில்லை. ஓசூர் சாருக்காக இந்த முறை மீட்டர் கொண்டுபோகிறேன், வீட்டிலிருந்து தராசும்.