தேக்கு அலமாரியில் எனாமல் சுருங்கிப்போச்சு, ஒட்டுது, கறையும் வருது. மேலே இன்னொரு கோட்டு அடிக்கலாமா?

அலமாரிக்காரன்
வணக்கம். பழைய தேக்கு அலமாரி. 5 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். இரண்டு கதவு, கீழே ஒரு டிராயர். ஏற்கெனவே பழுப்பு நிறத்தில் பளபளப்பாக ஏதோ பூசியிருந்தது. பெயின்ட் அடிப்பது இதுதான் முதல் தடவை. செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். 400 நம்பர் உப்புத்தாளை லேசாக ஓட்டினேன். ஆணி ஓட்டைகளில் வீட்டில் மிச்சமிருந்த சுவர்ப் பட்டியை வைத்து அடைத்தேன். ப்ரைமர் அடிக்கவில்லை. வெள்ளை சிந்தெடிக் எனாமல் கெட்டியாக இருந்ததால் கடையில் கொடுத்த தின்னரைக் கலந்தேன். காலையில் ஒரு கோட்டு, சாயங்காலம் இன்னொன்று.

இப்போது ஒன்பது நாள் ஆகிறது. கதவில் பாலாடை மாதிரி சுருக்கம். பக்கப் பலகையில் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. மேல்பலகையில் முடிச்சு இருக்கும் இடங்களில் மட்டும் பழுப்புக் கறை. ஓரத்தில் நகத்தால் கீறினால் தாள் போல உரிந்து வருகிறது. இன்னொரு கோட்டு அடித்தால் மூடிவிடுமா? ஊர் சென்னை, ஐப்பசி மழை வேறு.

உப்புத்தாள்80
தம்பி, மூணாவது கோட்டு மட்டும் அடிச்சிடாதீங்க. அடியில காயாததுக்கு மேல எத்தனை கோட்டு போட்டாலும் அத்தனையும் சேர்ந்துதான் உரியும்.

ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. தின்னர் டப்பா மூடியைத் திறந்து தூரத்துல வச்சு மோந்து பாருங்க. நெயில் பாலிஷ் வாசம் வந்தா அது என்.சி. தின்னர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குக் கலக்கிறது. மண்ணெண்ணெய்க்குக் கிட்டத்துல ஒரு வாசம் வந்தா டர்பன்டைன். அடுத்தது, கதவுக்கு உள்பக்கம் பெயின்ட் படாத மூலையில, பாலிஷ்காரங்க வாங்குற ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பழைய பூச்சு இளகிப் பஞ்சுல பழுப்பா ஏறினா அது அரக்குப் பாலிஷ். அசையலேன்னா வார்னிஷ் வகை.

அலமாரிக்காரன்
நெயில் பாலிஷ் வாசம்தான் அண்ணா. ஸ்பிரிட் வைத்ததும் பஞ்சு பழுப்பாகிவிட்டது, அந்த இடம் பிசுபிசுவென்று ஆனது.

டர்பன்டைன்
அப்ப எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சாச்சு. ஆனா ஒவ்வொண்ணும் வேற காரணம், ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

சுருக்கம்: எனாமல் காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். அதனால மேல்தோல் முதல்ல காயும், அடி பின்னாடி. காலையில அடிச்சது சாயங்காலம் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாத்தான் இருக்கும். அது மேல ரெண்டாவது கோட்டு விழுந்ததும் அதுல இருக்கிற கரைப்பான் அடிக்கோட்டை உப்ப வச்சுச் சுருக்கிடுச்சு. சாதா நாள்லயே ஒரு ராத்திரி இடைவெளி வேணும். மழைநாள்ல ரெண்டு நாள் விடுங்க. இதுல என்.சி. தின்னர் வேற. அது எனாமலுக்கு ஆகாது, திரிச்சு விட்டுடும். எனாமலுக்கு டர்பன்டைன்தான், அதுவும் லிட்டருக்கு 50லேருந்து 100 மில்லி போதும்.

பிசுபிசுப்பு: மண்ணெண்ணெய் லேசுல ஆவியாகிப் போகாது, எண்ணெய்ப் படலமா தங்கிடும். அது மேல விழுந்த எனாமல் சரியாக் காயவும் காயாது, பிடிக்கவும் பிடிக்காது.

கறை: மரத்துச் சாயமும் பழைய பாலிஷ் நிறமும் பெயின்ட்ல கரைஞ்சு மேல வருது. வெள்ளையை எத்தனை தடவை அடிச்சாலும் மறுபடி எட்டிப் பார்க்கும்.

உரியறது: 400 நம்பரை லேசா ஓட்டினா பழைய பளபளப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பெயின்ட் பிடிச்சுக்க மேடு பள்ளம் வேணும்.

இழைப்புளி
சுவர்ப் பட்டியைப் பத்தி யாரும் சொல்லல. அது சிமென்ட் வகை. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதுக்கு அந்த அசைவு தாங்காது, விரிஞ்சு கொட்டிடும். நோண்டி எடுத்துட்டு, சலிச்ச மரத்தூளை ஃபெவிகால்ல குழைச்சு ஓட்டைக்கு மேல கொஞ்சம் புடைச்ச மாதிரி வச்சு, மறுநாள் தேய்ங்க.

இன்னொண்ணு. தேக்குக்கு எதுக்கு வெள்ளைப் பெயின்ட்? மொத்தமா உரிச்சதும் ரேகையைப் பாருங்க. நல்லா இருந்தா அரக்குப் பாலிஷோட விட்டுடுங்க. இது என் கருத்து.

அலமாரிக்காரன்
வீட்டில் வெள்ளைதான் கேட்கிறார்கள் அண்ணா. எப்படி உரிப்பது? ஹீட் கன் வாடகைக்குக் கிடைக்கிறது.

உப்புத்தாள்80
ஹீட் கன் வேணாம். புதுசா பிடிக்கிறவங்க ஒரே இடத்துல காட்டி மரத்தைக் கருக்கிடுவாங்க, கண்ணாடி இருந்தா அதுவும் விரியும்.

பெயின்ட் ரிமூவர் வாங்குங்க. கதவுகளைக் கீலோட கழட்டித் திறந்த வராந்தாவுல படுக்க வைங்க. ரிமூவரைத் தடிமனா ஒரே திசையில தடவி, பாலித்தீன் போட்டு மூடி 15 நிமிஷம் விடுங்க. பெயின்ட் குமிழ்விட்டு எழும்பும். பட்டித் தகட்டை மரத்து ரேகையோட போக்குலயே தள்ளுங்க. செதுக்கு வேலை இருக்கிற இடத்துல தகடு போகாது, ஒரு பிடி தேங்காய் நாரைச் சுருட்டித் தேய்ச்சா வந்துடும். கடைசியா உங்க கையில இருக்கிற அந்த என்.சி. தின்னர் இங்கே உதவும். துணியில தொட்டு ரெண்டு தடவை துடைச்சா ரிமூவர்ல இருக்கிற மெழுகு போயிடும். அது மிச்சமிருந்தா அடுத்த பெயின்டும் ஒட்டாது.

மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர்னா மருத்துவமனை ரப்பர் கையுறை தாங்காது, ஊடுருவிடும். ரசாயனத்துக்குன்னே விக்கிற தடிமன் கையுறை வாங்குங்க. கதவைச் சாத்திட்டு வேலை செய்யவே கூடாது.

பட்டித்தகடு
உரிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலையில பிளேடால கீறிப் பாருங்க. அரக்குக்கு அடியில பச்சை, நீலம்னு பழைய பெயின்ட் அடுக்கு தெரிஞ்சா உலர்வாத் தேய்க்காதீங்க. வீட்டுப் பெயின்டுல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2016-ல வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தைய பெயின்டுல ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. வாட்டர் பேப்பரை நனைச்சுத் தேய்ச்சு, சகதியை ஈரத்துணியால வழிச்சு எடுங்க. பெருக்காதீங்க.

அலமாரிக்காரன்
கீறிப் பார்த்தேன். அரக்கு, அடியில் நேராக மரம். பெயின்ட் அடுக்கு இல்லை. இனி அடிக்கும் வரிசை?

டர்பன்டைன்
மரம் வெளிய வந்ததும் 120, அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், ரெண்டும் ரேகையோட போக்குல. தூசியைத் துடைச்சிடுங்க.

கறையைத் தடுக்க 100 கிராம் அவலரக்கை (செதில் செதிலா விக்கிற அரக்கு) அரை லிட்டர் ஸ்பிரிட்ல போட்டு ராத்திரி மூடி வைங்க. அடியில மெழுகு தங்கும். மேல தெளிஞ்சதை மட்டும் வடிச்சு, மெல்லிசா ரெண்டு கை அடிங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் விட்டா போதும். மழை பெய்யும்போது அடிச்சா வெள்ளையாப் பூக்கும். ஸ்பிரிட் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காத்து ஈரம் அதுல இறங்கறதுதான் காரணம். வெயில் எட்டிப் பார்க்கிற நாளா, காலை பத்துலேருந்து மூணுக்குள்ள வச்சுக்குங்க. ஆனா நேர் வெயில் படவேண்டாம், எனாமல் கொப்புளிக்கும்.

அடுத்து உட் ப்ரைமர், ஒரு நாள் காயவிட்டு 220. பள்ளம் தெரிஞ்சா ப்ரைமர் மேலதான் பட்டி (சுவர்ப் பட்டி இல்ல, மரத்துக்கானது), அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ப்ரைமர். எனாமலைப் பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. ரெண்டு மெல்லிய கோட்டு, நடுவுல ரெண்டு நாளும் 320 நம்பரும். கதவு படுத்த நிலையிலதான் இருக்கணும், நிமிர்த்தி வச்சா வழியும்.

வெளிப்பக்கம் மட்டும் முன், ரெண்டு பக்கம், மேல் சேர்த்துக் கிட்டத்தட்ட 35 சதுர அடி. ஒரு கோட்டுக்கு 300 மில்லி வரும். அரை லிட்டர் ப்ரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் போதும்.

இழைப்புளி
உள்பக்கம் எனாமல் வேண்டாம். இருட்டுல வெள்ளை எனாமல் மஞ்சளாகும், வாசமும் துணியில ஏறும். அந்த அரக்கையே ஒரு கை அடிச்சு விடுங்க. கதவு விளிம்புலயும் டிராயர் ஓடுற கட்டையிலயும் பெயின்ட் ஏத்தாதீங்க. கதவு சட்டத்தைப் பிடிக்கும். கட்டையில மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு விட்டா டிராயர் வழுக்கிட்டு ஓடும்.

எனாமல் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. இறுகும்போது சூடேறித் தானாத் தீப்பிடிக்கலாம். விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறிங்க.

அலமாரிக்காரன்
கடைசியாக ஒன்று. முடித்த எத்தனை நாளில் துணி அடுக்கலாம்?

உப்புத்தாள்80
நாள் கணக்கு வேண்டாம். யாரும் பார்க்காத பின் ஓரத்துல கட்டைவிரல் நகத்தை அழுத்துங்க. தடம் விழுந்தா இன்னும் ஒரு வாரம் கதவைத் திறந்தே வைங்க. மழை நின்னபாடில்லேன்னா மூணு வாரம்கூட ஆகும்.