கச்சான் காலத்தில் ஒரு நாலடிக் கடல்நீர்த் தொட்டி

இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து நாலடிக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் கூடிவருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகச் சொல்வதைவிட, கல்லடியில் என் வீட்டில் செய்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்வதில் முக்கால்வாசி நமக்கும் பொருந்தும். மிச்சக் கால்வாசி வெயில், தண்ணீர், கரண்ட். மட்டக்களப்பில் தொட்டி பிழைப்பது அந்தக் கால்வாசியைக் கவனிப்பதில்தான் இருக்கிறது.

பழைய தொட்டி 60 சென்றிமீற்றர் நீளம், 30 அகலம், 36 உயரம். ஏறத்தாழ 65 லீட்டர். புதியது 120 நீளம், 60 அகலம், 50 உயரம், 360 லீட்டர். உயரத்தை வேண்டுமென்றே குறைத்தேன். கை அடிவரை எட்ட வேண்டும் என்பது ஒன்று. மற்றது, மூச்சு. ஒட்சிசன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. என் கணக்கில் தண்ணீர் ஐந்தரை மடங்கு கூடியது, மேற்பரப்பு நாலு மடங்குதான் கூடியது. உயரத்தை இன்னும் ஏற்றியிருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெருகும். பார்வைக்கு உயரமான தொட்டி அழகுதான், ஆனால் வெப்பமான ஊரில் அகலமான தொட்டியே மீனுக்கு நல்லது.

எடையை அலட்சியப்படுத்தக் கூடாது. கடல்நீர் லீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்று மேல். 12 மில்லிமீற்றர் கண்ணாடியே 75 கிலோ வரும். மணல், கல், அடியில் வடிகட்டியும் பம்பும் இருக்கும் கீழ்த்தொட்டி எல்லாம் சேர ஐந்நூறு கிலோ தாண்டும். சீமெந்துக் கல்லில் மேடை கட்ட வந்த மேசன் அண்ணன் நிலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடை நிக்கும் தம்பி, நிலம்தான் நிக்காது. கீழே முழுக்க மணல்" என்றார். அவர் சொன்னபடி அந்த இடத்தை உடைத்து, கொங்கிறீற் போட்டு, அதன் மேல்தான் மேடை எழும்பியது. கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்கள் இதை மறக்காதீர்கள். மேடைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு ரெஜிபோம் தகடு வைத்தால் சிறு மேடுபள்ளங்களை அது தாங்கிக்கொள்ளும்.

இனி வெயில். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே 32 பாகை. கடல்நீர்த் தொட்டிக்கு 26, 27 பாகை நல்லது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கச் சல்லி இருப்பவர்கள் வாங்கலாம். நான் மூடியைக் கழற்றிவிட்டு, தண்ணீரின் மேல் சாய்வாக இரண்டு சிறிய ஃபேன் பூட்டினேன். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு அளவான வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. கச்சான் வறண்ட காற்று என்பதால் ஆவியாதல் வேகமாக நடக்கும். நம்மை வாட்டுகிற காற்றே தொட்டியைக் குளிர்விக்கிறது. இந்த ஊரில் ஃபேன் முறையை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இதுதான். புழுக்கமான நாளில் அதே ஃபேன் சுற்றினாலும் அவ்வளவு பலன் கிடைக்காது.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இங்கேதான் "பெரிய தொட்டி தானாகவே நிலையாக இருக்கும்" என்ற பேச்சை நம்பிவிடக் கூடாது. சிறிய தொட்டியில் 2 லீட்டர் குறைந்தால் உப்பு கிலோவுக்கு 35 கிராமிலிருந்து 36.1க்கு ஏறும். பெரியதில் மேற்பரப்பு நாலு மடங்கு என்பதால் அதே காற்றுக்கு 8 லீட்டர் போகும், உப்பு 35.8 ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான்! ஆகவே மிதவை வைத்த தானியங்கி நிரப்பியை முதல் நாளே பூட்டுங்கள். நிரப்புவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், கடல்நீர் கூடாது. கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். நெருக்கமாக வீடுகள் உள்ள மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன; நைத்திரேற்று கலந்த தண்ணீர் பாசிக்குத்தான் விருந்து. நான் உப்பும் மாசும் வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறேன்.

கடல்நீரை எங்கே, எப்போது எடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மாரி தொடங்கி முகத்துவாரம் திறந்தால் வாவியின் கலங்கல் நீர் கடலில் பரவும், உப்பும் இறங்கும். அந்தக் காலத்தில் நான் எடுப்பதே இல்லை. கோடையில் கடல் தெளிந்திருக்கும்போது முகத்துவாரத்திலிருந்து தள்ளி எடுத்து, மூடிய பரலில் இருட்டில் வைத்து, வடித்துத்தான் பாவிக்கிறேன். உப்பை அளக்கும் ரிஃபிராக்டோமீற்றர் இல்லாமல் ஊற்றுவதும் இல்லை.

கல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ ஒரு துண்டு முருகைக்கல் (பவளக் கல்) எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் வருவார்கள். வாங்காதீர்கள். கல் பவளங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 2016இல் கடல் சூடேறி நம் நாட்டின் பாறைகள் பல வெளுத்துப் போயின. கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்கும். அவ்வளவு அடிபட்டு மீள முயல்வதை உளி வைத்து உடைத்து வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனம் வராது. என் பாறைகள் சீமெந்தும் நொறுக்கிய மட்டிச் சிப்பியும் கலந்து நானே வார்த்தவை. புதுச் சீமெந்து தண்ணீரின் பி.எச்சைத் தாறுமாறாக ஏற்றும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மாற்றி மாற்றி, பி.எச் ஏறாமல் நிற்கும்வரை வாரக்கணக்காகப் பொறுக்க வேண்டும். பொறுத்தால் பலன் உண்டு. இப்போது என் கல்லில் ஊதாப் பூச்சு போலச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருக்கிறது, வெடிப்புகளுக்குள் இறால் குடியிருக்கிறது.

மீனை மாற்றும்போது பழைய கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் காயவிடாமல் அப்படியே புதியதற்குள் வைத்தேன். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவைத் தின்னும் பக்டீரியா அவற்றில்தான் ஒட்டியிருக்கிறது. பழைய மணலை மட்டும் கொண்டுபோகவில்லை. அதைக் கிளறினால் அடியில் அழுகிக் கிடப்பதெல்லாம் மேலே வரும். அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டிய பிறகே கோமாளி மீன் சோடியை விட்டேன். வண்ணாத்திப்பூச்சி மீன் கேட்கிற தம்பிமார், அதில் பல இனங்கள் பவளப் பூச்சியைத் தவிர வேறொன்றும் தின்னாமல் பட்டினியிலேயே சாகும் என்பதை மனதில் வையுங்கள்.

அப்புறம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின் நின்றால் மீனுக்கு முதலில் முட்டுவது மூச்சு. சூடான நீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடித்து வைக்கும். 12 வோல்ற் பற்றரியில் நேரே ஓடும் ஒரு சிறிய அலைப் பம்பு என்னிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. அதோடு, பம்பு நின்றதும் மேல்தொட்டி நீர் எவ்வளவு கீழே இறங்கும் என்று நீங்களே ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கீழ்த்தொட்டியில் அவ்வளவு இடம் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சோலார் பனலில் முழுத் தொட்டியையும் ஓட்டுபவர்கள் இருந்தால், மாரியில் வெயில் இல்லாத நாட்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து நான் செய்ய நினைப்பது அதைத்தான்.