நியூஜெர்சியை விட்டு எங்கே போவது? டாம்பா, கேரி, ஃபிரிஸ்கோ, பிட்ஸ்பர்க்: ஆலோசனை தேவை

எடிசன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் எனக்கு 65 ஆகிறது, அந்த மாதமே வேலையை விடுகிறேன். மனைவிக்கு 62. எடிசனில் வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, ஆனால் சொத்து வரி மட்டும் வருடத்துக்கு 13,000 டாலருக்கு மேல் போகிறது. சம்பளம் நின்ற பிறகும் இதைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்க மனம் வரவில்லை. பையன் சியாட்டிலில், பெண் கொலம்பஸில். இரண்டு பேருமே பக்கத்தில் வந்துவிடச் சொல்கிறார்கள். பையன் நாளைக்கே வேலை மாறினால் நாங்கள் சியாட்டில் மழையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டாம்பா (ஃபுளோரிடா), கேரி (வட கரோலினா), ஃபிரிஸ்கோ (டெக்சஸ்), பிட்ஸ்பர்க் (பென்சில்வேனியா) என்று நான்கு ஊர்களுக்கு எக்செல்லில் மார்க் போட்டேன். மாநில வரி, வீட்டு விலை, தட்பவெப்பம், கோயில், இந்தியக் கடை, விமான நிலையம் எல்லாம் உண்டு. டாம்பாதான் முதலில் வருகிறது. மனைவியோ டாம்பா என்றாலே எழுந்து போய்விடுகிறார். கணக்கில் எது விட்டுப்போயிற்று?

வளைகுடாக்கரை:
சார், நான் டாம்பாவில்தான் இருக்கிறேன். ஜனவரியில் அரைக்கைச் சட்டையோடு காலை நடை போகும் சுகம் வேறு எங்கும் வராது. பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் பயமும் இல்லை. மாநில வருமான வரி கிடையாது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் எக்செல்லில் காப்பீட்டுக்கு இடம் இருக்கிறதா? வீட்டுக் காப்பீடு வேறு, வெள்ளக் காப்பீடு வேறு. இரண்டும் தனித்தனியாக எடுக்கவேண்டும். 2024-இல் ஹெலீன், மில்டன் என்று இரண்டு சூறாவளிகள் இரண்டே வார இடைவெளியில் வந்தன. 65 வயதில் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு ஆர்லாண்டோ பக்கம் போய்த் தங்குவது சிரமமில்லை. 82-இல் யார் ஏற்றுவது, யார் ஓட்டுவது?

அப்படியும் வருவதென்றால், வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏ, பி என்றால் (புயலுக்கு முதலில் காலிசெய்யச் சொல்லும் மண்டலங்கள்) நான் வாங்கமாட்டேன். கூரைக்கு எத்தனை வயது என்றும் கேட்டுவிடுங்கள், காப்பீட்டுக்காரர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

மருந்துச்சீட்டு:
ஊர் அப்புறம், முதலில் மெடிகேரை (65 ஆனவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) முடிவு செய்யுங்கள். 65 முடிந்து பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, மெடிகேப் பாலிசி (மெடிகேர் கட்டாத மீதிக்கான தனியார் காப்பீடு) கேட்டால் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கமுடியாது. அந்த ஆறு மாதம் கடந்துவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை, இதயம் என்று கேள்வி கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம். மெடிகேர் அட்வான்டேஜுக்கு (மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டம்) மாதக் கட்டணம் குறைவு, சில திட்டங்களில் இல்லவே இல்லை. ஆனால் அவை கவுண்டி வாரியாகக் கிடைப்பவை. ஊர் மாறினால் திட்டமும் டாக்டரும் மாறும். அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேரோடு மெடிகேப் இருந்தால், மெடிகேரை ஏற்கிற எந்த டாக்டரிடமும் எந்த மாநிலத்திலும் போகலாம். ஊர் முடிவாகாத உங்களுக்கு இதுதான் சரி. சென்னையில் மூன்று மாதம் இருக்கும் யோசனை இருந்தால் அங்கே மெடிகேர் எதுவும் தராது, தனிக் காப்பீடு எடுங்கள்.

உங்கள் மனைவி விஷயம்தான் இன்னும் சிக்கல். நீங்கள் வேலையை விட்டால் அவருடைய காப்பீடும் போகும். கோப்ரா (வேலையை விட்ட பிறகும் அதே காப்பீட்டை நாமே பணம் கட்டித் தொடர்வது) எடுத்தால் குறைந்தது 18 மாதம் ஓடும், விலை அதிகம். அதற்குப் பிறகு 65 வரை மார்க்கெட்பிளேஸ் (அரசின் காப்பீட்டுச் சந்தை) திட்டம்தான். நியூஜெர்சியில் எடுத்த திட்டம் வெளியூரில் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் உதவும்.

கேரிக்காரி:
எங்கள் ஊருக்கு வாங்க. வெங்கடேஸ்வரா கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மளிகைக்குப் பக்கத்து மாரிஸ்வில். டூக், யூஎன்சி என்று இரண்டு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளும் தூரமில்லை. வட கரோலினா சோஷியல் செக்யூரிட்டிக்கு (மத்திய அரசின் ஓய்வூதியம்) வரி போடுவதில்லை. மற்ற வருமானத்துக்கு 2026 முதல் 3.99 சதவீதம். குளிரும் நியூஜெர்சி அளவுக்கு இல்லை. ஒரே குறை, கருவேப்பிலைக்கும் கார்தான். 60 வயதைத் தாண்டிய கேரிவாசிகளுக்கு வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் நகரசபை வண்டி உண்டு, ஆனால் முன்பதிவு செய்யவேண்டும். நினைத்தவுடன் கிளம்ப முடியாது.

டெக்சஸ்வெயில்:
ஃபிரிஸ்கோவில் பேரப்பிள்ளை இருந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வருமான வரி இல்லை என்று வந்து இங்கேயும் சொத்து வரியில்தான் மாட்டுவீர்கள். 65 ஆனால் பள்ளி வரிப் பகுதி உயராமல் நிற்கும். டாலஸின் டார்ட் ரயில், பஸ் ஃபிரிஸ்கோவுக்கு வராது.

எடிசன்வாசி:
அவர் மனைவி எழுதுகிறேன், அவர் லாகினிலேயே. நான் டாம்பா வேண்டாம் என்பதற்குப் புயல் காரணமில்லை. எனக்கு ஹைவேயில் ஓட்டிப் பழக்கமில்லை. அவருக்கும் இப்போதே இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அதை எக்செல்லில் போடவே இல்லை! இங்கே ஓக் ட்ரீ ரோடுக்கு நடந்து போய் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன். ‘கோயில் 20 நிமிடம்’ என்று மார்க் போடுகிறார். யார் ஓட்டுகிற 20 நிமிடம்? நடந்தோ பஸ்ஸிலோ டாக்டர், நூலகம், காய்கறிக்கடை போகிற மாதிரி ஊர் இந்த நாலில் எது? அதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றுநதி:
அக்கா, அப்படிக் கேட்டால் பிட்ஸ்பர்க்தான். ஊர் முழுக்க அப்படி இல்லை. ஸ்கிரல் ஹில், ஷேடிசைடு, ஓக்லண்ட் பக்கம் மட்டும். ஸ்கிரல் ஹில்லில் மர்ரி, ஃபோர்ப்ஸ் தெருக்கள் சந்திக்கிற இடத்தில் கார்னகி நூலகக் கிளை இருக்கிறது, சுற்றிலும் கடைகள். அங்கிருந்து 61 வரிசை பஸ்ஸில் ஏறினால் ஓக்லண்ட் பெரிய மருத்துவமனைகள் பக்கம் இறங்கலாம். 65 ஆனவர்களுக்கு பஸ் இலவசம், செலவைப் பென்சில்வேனியா லாட்டரிப் பணம் ஏற்கிறது. சாருக்கு வந்த உடனே கிடைக்கும், உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் டிக்கெட்தான். பிட், கார்னகி மெலன் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் வயதானவர்களுக்கான ஓஷர் வகுப்புகள் உண்டு. வரலாறு, இசை, ஓவியம் எல்லாம் பரீட்சை பயமில்லாமல் படிக்கலாம். நாலு பேரைப் பார்க்க அதுவும் நல்ல இடம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை வானம் சாம்பல் நிறம். மனம் சோர்கிறவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. ஊரே மேடு பள்ளம். நகரசபைப் படிக்கட்டு வரிசைகள் மட்டும் 700-க்கு மேல். பழைய வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருக்கும், அதனால் தனி வீட்டை மறந்துவிட்டு லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட் பாருங்கள். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் 1970களிலேயே கட்டியது, ஆனால் மலைமேல் இருக்கிறது. இந்தியக் கடைகள் மன்ரோவில் பக்கம். இரண்டுக்கும் வண்டி வேண்டும், இல்லையென்றால் முதியவர்களுக்கான ஆக்செஸ் வண்டியை முன்கூட்டிப் பதியவேண்டும்.

வரியில் பென்சில்வேனியா தாராளம்: சோஷியல் செக்யூரிட்டி, பென்ஷன், ஓய்வுக்குப் பின் எடுக்கும் 401கே (வேலையில் இருக்கும்போது சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு) எதற்கும் மாநில வரி இல்லை. வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் 3.07 சதவீதம். ஒரு முள் உண்டு: உங்கள் காலத்துக்குப் பிறகு சொத்து பிள்ளைகளுக்குப் போகும்போது 4.5 சதவீத வாரிசு வரி. நியூஜெர்சியில் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

மருத்துவமனைகள் இங்கே யூபிஎம்சி, அலிகேனி என்று இரண்டு பெரிய குழுமங்கள். காப்பீடும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். சாருக்கு மெடிகேப் இருந்தால் கவலையில்லை. 65 வரை நீங்கள் எடுக்கிற திட்டம் உங்கள் டாக்டரைச் சேர்க்கிறதா என்று பார்த்தே எடுங்கள். கொலம்பஸ் மூன்று மணி நேர டிரைவ்தான், பெண் வந்து போகலாம்.

எடிசன்வாசி:
சரி, டாம்பாவைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன் (இப்போது எழுதுவது நான்தான்). எக்செல்லில் ‘கார் இல்லாமல்’ என்று ஒரு வரிசை சேர்த்தேன், பிட்ஸ்பர்க் தவிர எல்லாம் சரிந்துவிட்டன. எடிசன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பிட்ஸ்பர்கில் கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாமா? விற்றால் எக்சிட் டாக்ஸ் பிடிப்பார்கள் என்கிறார்களே?

மருந்துச்சீட்டு:
அது தனி வரி இல்லை, விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. விற்றது நீங்கள் குடியிருந்த முதன்மை வீடு என்றால் ஜிஐடி/ஆர்இபி-3 படிவம் கொடுத்துத் தவிர்க்கலாம். வாடகைக்கு விடுவதில்தான் கவனம் தேவை. தம்பதிகளுக்கு வீட்டு லாபத்தில் 5,00,000 டாலர் வரை மத்திய வரி இல்லை. அதற்கு விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே குடியிருந்திருக்கவேண்டும். வெளியேறி மூன்று வருடம் தாண்டவிட்டால் சலுகை போய்விடும். நானாக இருந்தால் கோப்ரா ஓடும் காலத்துக்குள்ளேயே சோதித்து முடித்துவிடுவேன். அந்தக் காப்பீடு பிட்ஸ்பர்கில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றுநதி:
மே மாதம் வந்து பார்த்து மயங்கவேண்டாம், ஜனவரியில் வாருங்கள். இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்குகிறவை. ஆனால் படிப்பு நடுவே வெளியூர் போகிற மாணவர்களும் பேராசிரியர்களும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சாமானோடு வீட்டை உள்வாடகைக்கு விடுவார்கள். நவம்பரிலேயே தேட ஆரம்பியுங்கள். வந்த பிறகு முதல் இரண்டு வாரம் கார் சாவியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.