மைனஸ் பத்துக்குக் கீழே போனால் பெடல் சும்மா சுற்றுகிறது

வணக்கம். டொராண்டோவில் இருக்கிறேன். பனிக்காலத்திலும் வேலைக்குச் சைக்கிள்தான். ஜனவரியிலிருந்து பின்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) படுத்தி எடுக்கிறது. குளிர் மைனஸ் 10 டிகிரியைத் தாண்டினால், மிதிக்க மிதிக்கச் செயினும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) மட்டும் சுற்றுகின்றன, சக்கரம் அசைவதில்லை. மிதிக்காமல் உருளும்போது கேட்கிற 'டிக் டிக்' சத்தமும் அப்போது சுத்தமாக நின்றுவிடுகிறது. நேற்று சிக்னலில் பச்சை விழுந்ததும் எழும்பி ஒரு மிதி மிதித்தேன். கால் வெறுமனே இறங்கி, ஹேண்டில்பாரில் நெஞ்சு இடித்தது. பின்னால் பஸ் வேறு!

வீட்டுக்குள் அரை மணி நேரம் வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

9 ஸ்பீடு கேசட், மூன்று கொக்கி உள்ள ஃப்ரீஹப் (மிதிக்கும்போது கொக்கிகள் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றும், மிதிக்காதபோது நழுவவிடும் பகுதி), 135 மி.மீ. குவிக் ரிலீஸ், டிஸ்க் பிரேக். அக்டோபரில் கடையில் சர்வீஸ் செய்து புது கிரீஸ் வைத்தார்கள். அதற்கு முந்தைய பனிக்காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

செயின் தேய்மானம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஹேர் டிரையர் காட்டினால் உயிர் வருகிறது, தெருவில் பிளக்குக்கு எங்கே போக? கேசட்டைக் கழற்றி இடுக்கில் ஸ்பிரே ஆயில் அடித்தேன், கொஞ்ச நாள்தான் தாங்கியது. கடையில் முழு ஹப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். சூடான கடைக்குள் வைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே தெரியப்போகிறது?

கெட்டி கிரீஸ் குளிரில் இறுகி, கொக்கிகளை ஸ்பிரிங்கால் தூக்க முடியவில்லை என்றுதான் படுகிறது. ஸ்பிரிங் போயிருந்தால் வெயிலிலும் நழுவ வேண்டுமே.

பழைய கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டு, கொக்கிகளுக்கு மட்டும் மெல்லிய ஆயில் போட்டு மைனஸ் 20இல் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், என்ன ஆயில் போட்டீர்கள்?