ஸ்கிரிப்ட் 'சரி' என்கிறது, பிள்ளைகளின் லொகினில் ஒன்றும் மாறவில்லை, என்னுடைய கன்ட்ரோல் பனல்தான் பூட்டுப்பட்டுப் போச்சு!

கோண்டாவில் பெடியன்:
வணக்கம். இங்கே ஒரு ரியூசன் சென்டரில் ஓ.எல். ஐ.சி.ரி. பிள்ளைகளின் கொம்பியூட்டர் அறையை நான்தான் பார்க்கிறேன். 16 மெஷின், எல்லாம் விண்டோஸ் 10 ஹோம், அதனால் குரூப் பொலிசி எடிட்டர் (இப்படியான கட்டுப்பாடுகள் போடுகிற விண்டோஸ் கருவி) இல்லை, சேர்வரும் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு எக்கவுண்ட்: என்னுடைய அட்மின் ஒன்று, பிள்ளைகளுக்கு 'ஸ்டூடன்ட்' என்று சாதாரணமான ஒன்று.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். பென் டிரைவ் வேலை செய்யக்கூடாது (போட்டோகொப்பிக் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் எல்லாம் வைரஸோடுதான் வருகிறது), பிள்ளைகள் கன்ட்ரோல் பனலைத் திறக்கக்கூடாது, பைல் பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்சன் தெரிய வேண்டும். 16 மெஷினிலும் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற இடம்) திறந்து கையால் மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. ஒரு பட்ச் பைலில் (கட்டளைகளை வரிசையாக ஓடவிடுகிற பைல்) மூன்று 'ரெக் ஆட்' வரி (ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிற கட்டளை) எழுதி, ஸ்டூடன்ட் லொகினில் இருந்தபடியே ரைட் கிளிக் பண்ணி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, என்னுடைய பாஸ்வேர்டை அடித்து ஓடவிட்டேன். மூன்று வரிக்கும் வெற்றி என்று செய்தி வந்தது.

பென் டிரைவ் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் அசையவில்லை. சரி, பிறகு பார்ப்போம் என்று என்னுடைய அட்மினுக்குள் போனால் அங்கே கன்ட்ரோல் பனல் திறக்காதாம், கட்டுப்பாடு போட்டிருக்கிறதாம். செட்டிங்ஸும் இல்லை. யாருக்கோ வைத்த பூட்டில் நானே மாட்டுப்பட்டுவிட்டேன். ஏன் இப்படி?

சுன்னாகச் சந்தி:
அட்மினாக ஓடவிட்டதுதான் பிழை தம்பி. ஸ்டூடன்ட் லொகினிலேயே சும்மா டபிள் கிளிக் பண்ணி ஓடவிடுங்கோ.

கோண்டாவில் பெடியன்:
செய்து பார்த்தேன் அண்ணை. எக்ஸ்டென்சன் இப்போது தெரிகிறது. ஆனால் கன்ட்ரோல் பனல் வரிக்கு 'அக்சஸ் இஸ் டினைட்' என்று வருகிறது. பென் டிரைவ் வரிக்கும் அதே பதில்தான், அது முன்னமே மாறிவிட்டதால் பரவாயில்லை.

வேப்பமரத்தடி:
தம்பி, ஸ்கிரிப்டில் அசையாத அந்த இரண்டு வரியின் பாதையும் எச்.கே.சி.யூ. என்றுதானே தொடங்குகிறது? பிழை அங்கேதான். எச்.கே.சி.யூ. என்பது மெஷினுக்கு முன்னால் இருக்கிற ஆளுடைய இடம் இல்லை, அந்தக் கட்டளை யாருடைய பெயரில் ஓடுகிறதோ அவருடைய இடம். திரையில் ஸ்டூடன்ட் இருந்தாலும் நீங்கள் உங்கள் பாஸ்வேர்டை அடித்த கணத்தில் ஸ்கிரிப்ட் உங்கள் ஆளாகிவிட்டது, பிறகு பிள்ளைக்கு என்று எழுதினதெல்லாம் உங்கள் கணக்கில்தான் விழும். பென் டிரைவ் வரி எச்.கே.எல்.எம். அடியில் இருக்கிறது, அது முழு மெஷினுக்கும் பொது, யார் ஓடவிட்டாலும் இடம் ஒன்றுதான். அதுதான் அது மட்டும் பிடித்தது.

சந்தி அண்ணை சொன்னது பாதி சரி. எக்ஸ்டென்சனை மறைக்கிற 'ஹைட்ஃபைல்எக்ஸ்ட்' ஒரு சாதாரண விருப்பம், அதை அந்தந்த ஆளே மாற்றலாம். 'நோகன்ட்ரோல்பனல்' அப்படி இல்லை, அது 'பொலிசீஸ்' என்ற கீக்குள் (கீ என்பது ரெஜிஸ்ட்ரிக்குள் போல்டர் மாதிரி) இருக்கிறது. சாதாரண எக்கவுண்ட் தன்னுடைய எச்.கே.சி.யூ.வாக இருந்தாலும் அந்தக் கீயை வாசிக்கலாம், எழுத முடியாது. எழுதவிட்டால் பிள்ளை தானே கழற்றிவிடும்தானே! பிள்ளையாக ஓடவிட்டால் அனுமதி இல்லை, நீங்களாக ஓடவிட்டால் இடம் பிழை.

முதலில் உங்கள் பூட்டைக் கழற்றுங்கோ. உங்கள் லொகினில் கமாண்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து, நீங்கள் எழுதின அதே வரியில் 'ஆட்' இருந்த இடத்தில் 'டிலீட்' போட்டு, மதிப்பையும் வகையையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஸ்லாஷ் எஃப் (கேட்காமல் செய் என்று அர்த்தம்) போடுங்கோ. ஸ்லாஷ் வி-யும் வேல்யூ பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும், அதை விட்டீர்களானால் முழுக் கீயும் போய்விடும். பிறகு ஒருமுறை சைன் அவுட் பண்ணி வாருங்கோ.

சுன்னாகச் சந்தி:
ஓம், பொலிசீஸ் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அப்போ ஸ்டூடன்டைக் கொஞ்ச நேரத்துக்கு அட்மினாக மாற்றி ஓடவிட்டுத் திரும்ப இறக்கிவிடலாமே?

வேப்பமரத்தடி:
வேலை செய்யும் அண்ணை. ஒரு மெஷின் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். 16 மெஷினில் ஒன்றையாவது இறக்க மறப்போம், அந்த ஒன்றை எந்தப் பெடியன் கண்டுபிடிப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி, பிள்ளையின் ரெஜிஸ்ட்ரி ஒரு பைலாகத்தான் கிடக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் ஸ்டூடன்ட் போல்டர், அதற்குள் 'என்டியூசர் டாட்' என்று மறைந்திருக்கும். பிள்ளை லொகின் ஆகாத நேரத்தில் நீங்கள் அட்மினாக அதை ஏற்றி, எழுதி, இறக்கலாம். போனில் இருந்து எழுதுவதால் தமிழெழுத்திலேயே தருகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கோ:

ரெக் லோட் எச்கேயூ\பிள்ளை "சி:\யூசர்ஸ்\ஸ்டூடன்ட்\என்டியூசர்.டாட்"

பிறகு உங்கள் இரண்டு 'ரெக் ஆட்' வரியிலும் எச்.கே.சி.யூ. என்ற இடத்தில் எச்கேயூ\பிள்ளை என்று மாற்றுங்கோ, மற்றப் பாதை அப்படியே இருக்கட்டும். (எச்கேயூ என்பது ஒவ்வொரு ஆளுடைய ரெஜிஸ்ட்ரியும் ஏறி நிற்கிற இடம். 'பிள்ளை' என்பது நான் சும்மா வைத்த பெயர், நீங்கள் விரும்பினதை வையுங்கோ.) நோகன்ட்ரோல்பனல் 1, ஹைட்ஃபைல்எக்ஸ்ட் 0, இரண்டும் டீவேர்ட் (எண் வகை). கடைசியில்:

ரெக் அன்லோட் எச்கேயூ\பிள்ளை

ஒவ்வொரு 'ஆட்' வரியிலும் ஸ்லாஷ் எஃப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை ஓடும்போது, முன்னமே இருக்கிறது, மாற்றவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும், நீங்கள் ஸ்கிரிப்ட் தொங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். 'லோட்' வரி தோற்றால் மற்றதற்குப் போகாமல் நிற்கிற மாதிரி எழுதுங்கோ. 'ரெக்' கட்டளை வென்றால் எரர்லெவல் (கட்டளையின் முடிவைச் சொல்கிற எண்) 0, தோற்றால் 1, அதைப் பார்த்தால் போதும். தொடங்க முதல் அந்த பைலை வேறு இடத்தில் கொப்பி பண்ணி வைக்கவும் வேண்டும்.

கோண்டாவில் பெடியன்:
அக்கா, 13 மெஷின் முடிந்தது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட இல்லை! என்னுடைய பூட்டும் கழன்றது. மூன்றுதான் மக்கர் பண்ணுகிறது. இரண்டில் 'லோட்' வரியிலேயே, பைலை வேறொரு புரோசஸ் பாவிக்கிறது என்று வருகிறது. மற்றதில் எல்லாம் ஒழுங்காக ஓடின மாதிரித்தான் இருந்தது, ஆனால் ஸ்டூடன்டுக்குள் போனால் டெஸ்க்டொப் வெறுமையாக இருக்கிறது, பிள்ளைகளின் பைல் ஒன்றையும் காணவில்லை, எக்கவுண்டுக்குள் சைன் இன் பண்ண முடியவில்லை என்று ஒரு செய்தி வேறு. நெஞ்சு இடிக்கிறது.

வேப்பமரத்தடி:
பதறாதீங்கோ. அந்த இரண்டிலும் பிள்ளை சைன் அவுட் பண்ணாமல் யூசரை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கும், உள்ளே ஸ்டூடன்ட் இன்னும் ஓடுகிறது. சைன் அவுட் பண்ணிவிட்டு ஓடவிடுங்கோ.

வெறும் டெஸ்க்டொப் காட்டுகிற மெஷினில் 'அன்லோட்' நடக்கவில்லை என்று நினைக்கிறேன். பைல் இன்னும் உங்கள் கையில் ஏறி நிற்கிறது, விண்டோஸால் அதை எடுக்க முடியவில்லை, அதனால் தற்காலிகமாக ஒரு புரொஃபைல் கொடுத்திருக்கிறது. பிள்ளைகளின் பைல் எல்லாம் பழைய போல்டரில் அப்படியே இருக்கும். அதில் இப்போது ஒன்றும் சேமிக்க விடாதீங்கோ, சைன் அவுட் பண்ணினால் போய்விடும். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. ஸ்கிரிப்ட் ஓடும்போது ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து வைத்திருந்தீர்களா?

கோண்டாவில் பெடியன்:
ஓம் அக்கா, எழுதினது விழுந்ததா என்று பார்க்க அந்தக் கீயைத் திறந்து வைத்திருந்தேன்... ரீஸ்டார்ட் பண்ணினேன், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மற்ற இரண்டும் சரி, 16-உம் முடிந்தது. அடுத்த வகுப்புக்குப் புது எக்கவுண்ட் திறந்தால் திரும்ப இதையே ஓடவிட வேண்டுமா?

வேப்பமரத்தடி:
அந்த எடிட்டர்தான் பிடித்து வைத்திருக்கிறது, அதில் அந்தக் கீ திறந்திருந்தால் அன்லோட் மறுக்கும். புது எக்கவுண்டுக்கு: யூசர்ஸுக்குள் 'டீஃபால்ட்' என்று ஒரு மறைந்த போல்டர் இருக்கிறது, அதிலும் ஒரு என்டியூசர் டாட் உண்டு. புதிதாக வருகிற ஆளுக்கு விண்டோஸ் அதைத்தான் கொப்பி பண்ணிக் கொடுக்கும். எக்ஸ்டென்சன் வரியை மட்டும் அதில் ஒருமுறை எழுதிவிடுங்கோ. கன்ட்ரோல் பனல் வரியை அதில் போடாதீங்கோ, நாளைக்கு நீங்களே இன்னொரு அட்மின் எக்கவுண்ட் திறந்தால் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.