மறுமொழி: கட்டாரியின் மேல்தகட்டுக்கு ‘புறங்கைக் காப்பு’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

கட்டாரி என்னும் பழைய இந்தியக் குத்தும் ஆயுதத்துக்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை இன்று காலைதான் முழுதாக வாசித்தேன். முன்கையை ஒட்டி நீளும் இரண்டு பட்டைகளுக்கு ஈப்போ ஆசிரியை சொன்ன ‘பக்கச் சட்டம்’ பொருத்தமாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். எனக்கு உடன்பாடில்லாதது மற்ற இரண்டில்தான்: ஆயுதத்தின் பெயர், கையின் மேற்புறத்தை மூடும் தகட்டின் பெயர்.

முதலில் ஆயுதத்தின் பெயர். ‘குத்துவாள்’ போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். குத்துவாள், குறுவாள், சூரி எதைச் சொன்னாலும் பிடியும் அலகும் ஒரே கோட்டில் நிற்கும் கத்திதான் நமக்கு நினைவுக்கு வரும். இதில் பிடி குறுக்கே கிடக்கிறது. ஏணிப்படியைப் பற்றுவது போலப் பற்றினால் அலகு முட்டிக்கு நேர் முன்னே நீண்டு நிற்கும். என்னிடம் பழைய கட்டாரி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்தால் பக்கச் சட்டங்கள் மணிக்கட்டை மடங்க விடுவதில்லை. விசை முழுவதும் தோளிலிருந்தே வருகிறது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கத்தியும் அதே அலமாரியில்தான் கிடக்கிறது. அதில் வேலையே மணிக்கட்டுக்குத்தான், பட்டையை மெல்லச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழம் போனாலும் மரம் காயப்படும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பெயரில் பிடி இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியானது. ஆகவே பொதுவகைக்குக் ‘குறுக்குப்பிடிக் கத்தி’, அதில் இந்திய வகைக்குக் ‘கட்டாரி’. நம்மிடமே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஆங்கில நூல்களைப் பார்த்துக் ‘கத்தார்’ என்று எழுத வேண்டாம், நாட்டின் பெயரோடு குழம்பும். பிச்சுவாவுக்கு நேர்ந்ததும் இதற்கு வரக் கூடாது. இந்தியில் தேளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. வளைந்த அலகும் வளையம் போன்ற பிடியும் உள்ள தனி ஆயுதத்தின் பெயர். இங்கே எந்தச் சின்னக் கத்தியும் பிச்சுவா ஆகிவிட்டது.

அப்புறம் அந்தத் தகடு. விசயநகர காலத்துக் கட்டாரிகளிலும் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றிலும் கையின் மேற்புறத்தை மூடியபடி எஃகுத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். காற்று நிறைந்த பாய் போன்ற வடிவம், துளையிட்ட பூவேலை, சிலவற்றில் யாளி முகம். வடக்கே பரவிய பிற்காலக் கட்டாரிகளில் இது இல்லை. தென்னாட்டுக் கட்டாரியை அடையாளம் காண உதவும் உறுப்பு என்பதால் பெயரில் அவசரப்படக் கூடாது.

இதற்கு இழையில் சொன்ன ‘கைக்கவசம்’ எனக்கு ஒப்பவில்லை. மராட்டியர் பயன்படுத்திய பட்டா என்னும் நீள வாளுக்கு முன்கை முழுவதையும் மூடும் இரும்புக் கூடு உண்டு, அந்தச் சொல்லை அதற்கு ஒதுக்கி வைப்போம். நாகம் எடுக்கும் ‘படம்’ என்ற யோசனை அருமையானது, அதைக் கைவிட மனமே வரவில்லை. ஆனாலும் ‘படக் கட்டாரி’ என்று எழுதினால் சித்திரம் தீட்டிய கட்டாரி என்றுதான் படிப்பார்கள்.

என் முன்மொழிவு ‘புறங்கைக் காப்பு’. உள்ளங்கைக்கு எதிர்ப்பக்கம் புறங்கை. தகடு நிற்கும் இடம் துல்லியமாக அதுவே. காப்பு என்றால் காவல், கையில் அணிவதும் காப்பு. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா இந்த ஆயுதத்தைக் கலப்பைக் கொழு போன்றது என்கிறார். அதற்குள் கையை நுழைத்தால் முன்கை காக்கப்படும், அதற்கு அப்பால் அலகு இரண்டு முழம் என்றும் எழுதுகிறார். ஆக, கையைக் காப்பது இந்த ஆயுதத்தோடு பழங்காலம் முதலே சேர்ந்து வந்த எண்ணம்.

இன்னொன்று. ஐரோப்பிய வாள்களின் அலகை வெட்டித் தறையிட்டுப் பொருத்திய கட்டாரிகளும் நிறைய உண்டு. அந்த அலகுக்குச் ‘சீமை அலகு’ என்றே சொல்லலாமே? சீமை ஓடு, சீமை எண்ணெய் எல்லாம் நமக்குப் பழக்கம்தான்.

சென்னை நண்பர்களிடம் ஓர் உதவி. தஞ்சை ஆயுதங்களில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது அந்தத் தகட்டுக்குப் பெயர்ப்பலகையில் தமிழில் ஏதாவது சொல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். நல்ல சொல் ஏற்கெனவே இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.